கொங்கு நாட்டிலிருந்து கப்பல் பயணம்: காலம், கேபின், காசு பற்றிய முழு வழிகாட்டி

"மூன்று இரவு, சொகுசுக் கப்பல், ஆளுக்கு 35,000 ரூபாய் முதல்." இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் வீட்டில் நாலு பேர், ஆக 1,40,000 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். திருப்பூரிலோ ஈரோட்டிலோ வீட்டு வாசலைப் பூட்டிக் கிளம்பி, திரும்பி வந்து அதே வாசலைத் திறப்பது வரைக்கும் செலவைக் கூட்டினால், தொகை அதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு ஆகும். கப்பல் கம்பெனி பொய் சொல்வதில்லை. அது சொல்வது கப்பலுக்குள் படுக்கவும் சாப்பிடவும் ஆகும் விலையை மட்டும்தான். மீதியை நாம்தான் கூட்ட வேண்டும். முன்பே உட்கார்ந்து கூட்டிவிட்டால் கப்பல் பயணம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டக்கூடியதுதான். கூட்டாமல் கிளம்பினால் கடைசி நாள் பில்லைப் பார்த்து மூன்று நாள் சந்தோஷமும் போய்விடும்.

முதலில் மாதம், பிறகுதான் கப்பல்

வெயில் நாட்டுக் கப்பல் பயணம் என்பது அமெரிக்கர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பனியிலிருந்து தப்பிப்பது. சித்திரையில் கரூரிலும் ஈரோட்டிலும் காயும் நமக்கு வெயில் ஒரு விஷயமே இல்லை. நாம் தேட வேண்டியது அலை அடங்கிய கடல். அதனால் கப்பல் பெயரை விட்டுவிட்டு மாதத்தைப் பிடியுங்கள்.

அரபிக்கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிக்கும். நம் ஊரில் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னையைச் சாய்க்கிற அதே பருவக்காற்றுதான் அங்கே அலையாக எழும். லட்சத்தீவுக்கு அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரைதான் சுற்றுலாக் காலம். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலுக்குப் பாதை மாற்றமோ ரத்தோ வரலாம் என்பதை மனதில் வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கக் கப்பல் உண்டு. மலாக்கா நீரிணை இரண்டு பக்கமும் நிலம் அணைத்த கடல், அலை குறைவு. அதே கப்பல் புக்கெட் வரை போவதாக இருந்தால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது. மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மழையும் அலையும் கூடும். துபாய், அபுதாபி வழிக் கப்பல்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரைதான். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, விலையும் அதற்கேற்ப உச்சம்.

இதோடு நம் வீட்டு நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மே கடைசியில் ஆரம்பித்து ஜூன் முழுக்கவும், பிறகு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியவும். அந்த நாட்களில் அந்த ஊர்க் குடும்பங்களே கப்பலை நிரப்பிவிடும், விலையும் ஏறும். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியிலேயே பள்ளி மூடிவிடும். ஆக ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே 20 வரைக்குமான மூன்று வாரம் நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி. வார நடுவில் கிளம்பும் கப்பலாகவும் பார்த்தால் விலை இன்னும் இறங்கும்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கும்போது போகலாம். புக்கெட் பக்கம் கடல் அப்போது அமைதியாக இருக்கும். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தீபாவளி போனஸ் கையில் இருக்கிறதே என்று அந்த வாரத்தில் சென்னைக் கப்பலுக்கு நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன். காரணம் மேலே சொன்ன புயல் காலம்தான்.

எந்தக் கடல்?

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. நொய்யல் கரைக் கொடுமணலிலிருந்து கல்மணிகள் கணவாய் தாண்டி முசிறித் துறைக்குப் போன காலத்திலிருந்தே நமக்குக் கடல் என்றால் மேற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி. இப்போது கோவை பீளமேடு விமான நிலையம் மூன்றாவது வழி.

மேற்கே கொச்சி. கோவையிலிருந்து காரில் நாலைந்து மணி நேரம். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் 'சமுத்திரம்' பயணம் இங்கிருந்துதான். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைப் பகலில் சுற்றிக்காட்டி, இரவில் கப்பலிலேயே தங்கவைப்பார்கள். இது சொகுசுக் கப்பல் அல்ல, தீவு மக்களும் பயணம் செய்கிற கப்பல். நீச்சல் குளமோ மேடை நிகழ்ச்சியோ எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அந்தப் பவளத்திட்டுக் கடலின் நிறத்துக்கு ஈடு கிடையாது. இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி கட்டாயம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தீவை ஒட்டிய நீர் ஆழமில்லாததால் கப்பல் வெளியே நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து, அலையோடு ஏறி இறங்கும் சிறு படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு எட்டு பெரிய எட்டு.

சொகுசும் வேண்டும், பாஸ்போர்ட்டும் வேண்டாம் என்றால் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் இருக்கிறது. 1990இல் கட்டிய கப்பல், 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பயணங்களைத் தொடங்கியது. கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று உள்நாட்டுக்குள் சுற்றும் பயணங்களுக்கு அடையாளமாக ஆதார் போதும், லட்சத்தீவுக்கு மட்டும் மேலே சொன்ன நுழைவு அனுமதியும் வேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் ஓட்டினார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைகளைத் தொடும் பாதை அது, பாஸ்போர்ட் வேண்டும். எந்த மாதம் எந்தத் துறையிலிருந்து என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். சென்னை என்றால் நமக்குச் சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி ஏறினால் விடியும்போது சென்ட்ரல். ஆனால் கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்கும்படி வைக்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள்.

முதல் வெளிநாட்டுக் கப்பல் பயணத்துக்கு என் தேர்வு சிங்கப்பூர்தான். கோவையிலிருந்து நேரடி விமானம், சுமார் நாலரை மணி நேரம். இறங்கினால் தமிழ் பேச ஆள் உண்டு. கப்பல் பிடிக்கும் மரீனா பே குரூஸ் சென்டர் 2012இல் திறந்தது, மெட்ரோவிலேயே போய்விடலாம். ஸ்டார்டிரீம் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூஸஸ்) நிறுவனத்தின் 'ஜென்டிங் டிரீம்' 18 அடுக்கு, 335 மீட்டர் நீளம். இந்தியர்கள் நிறையப் பேர் ஏறுவதால் இந்தியச் சைவ உணவும் ஜைன உணவும் உண்டு. ராயல் கரீபியன் கப்பல்களும் பருவத்துக்கு ஏற்ப இங்கிருந்து போகின்றன. டிக்கெட் கொஞ்சம் கூடுதல், பிள்ளைகளுக்கான விளையாட்டுகளும் கூடுதல்.

கரீபியன் பற்றியும் கேட்பார்கள். மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்து, அவர்களைப் பார்க்கப் போகும்போது சேர்த்துப் போவதென்றால் அருமை. மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல் மூன்றும் ஃபுளோரிடாவின் பெரிய துறைகள். போட்டி அதிகம் என்பதால் இரவுக் கணக்கில் பார்த்தால் டிக்கெட் மலிவாகவே கிடைக்கும். கப்பலுக்காக மட்டும் இங்கிருந்து போவதென்றால் ஆளுக்குக் குறைந்தது 185 டாலர் விசாக் கட்டணமும் விமான டிக்கெட்டுமே கப்பல் விலையை விழுங்கிவிடும். இன்னொன்று: எச்1பி வேலை விசாவில் இருக்கும் மகனின் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், அமெரிக்காவுக்குள் இருக்க அது தடையில்லை. கப்பலில் பஹாமாஸ் போன்ற தீவுக்குப் போய்விட்டுத் திரும்ப நுழையும்போது சிக்கல். கனடா, மெக்சிகோ போய்வர உள்ள சலுகை, தீவுகள் என்று வரும்போது மாணவர் விசா, பரிமாற்ற விசாக்காரர்களுக்குத்தான். பணம் கட்டும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சின்னதாகச் சோதித்துப் பாருங்கள்

கொல்லிமலை வளைவில் வாந்தி எடுப்பவருக்குக் கப்பலிலும் எடுக்கும் என்று கட்டாயமில்லை. அந்தத் தலைசுற்றல் வேறு, கடலின் மெதுவான ஆட்டம் வேறு. தெரிந்துகொள்ளக் கொச்சியில் வழி இருக்கிறது. கேரள அரசின் கப்பல் கழகம் நடத்தும் 'நெஃபர்டிட்டி' என்ற கப்பல் சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்பும். ஆலப்புழை படகு வீட்டில் உட்கார்ந்துவிட்டு "எனக்குத் தண்ணி பழக்கந்தான்" என்று முடிவு பண்ண முடியாது, அது அலையில்லாத காயல். வீட்டிலுள்ள பெரியவர்களை ஒரு சனி ஞாயிறு கொச்சிக்கு அழைத்துப் போய் நெஃபர்டிட்டியில் உட்கார வைத்துப் பாருங்கள். லட்ச ரூபாய் கட்டும் முன் நல்ல சோதனை.

ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அவோமின் போன்ற மாத்திரை உண்டு. பயணத்துக்கு முன் போட்டுக்கொண்டால்தான் பயன், வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டுப் பயன் குறைவு. தூக்கம் வரும், ரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கடுமையான வரம்பு உண்டு. ராயல் கரீபியனில் பயணம் முடிவதற்குள் 24ஆவது வாரம் தொடங்கிவிடும் என்றால் ஏற்ற மாட்டார்கள். கைக்குழந்தைக்கு ஆறு மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும்.

கேபின்: நாலு பேர் ஒரே அறையில்

கேபின் நாலு வகை. உள் கேபின், ஜன்னல் கேபின், பால்கனி, சூட் என்னும் பெரிய அறை. விளம்பரத்து விலை எப்போதும் உள் கேபினுக்கு, இரண்டு பேர் தங்குவதாக வைத்து, ஒரு ஆளுக்கு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்த எண். தனியாகப் போனால் பல கம்பெனிகளில் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். மூன்றாவது, நாலாவது ஆளுக்கு விலை குறையும். அதனால்தான் நாலு பேர் ஒரே கேபின் என்பது கணக்கில் மலிவு.

உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நம் ஊர் வீட்டில் ஒரு சின்னப் படுக்கையறை அளவுதான் மொத்தமும். சேர்த்துப்போட்ட கட்டில் இரண்டு, காலடியில் ஒரு மேசை. இராத்திரி ஊழியர் வந்து சுவரிலோ கூரையிலோ மடக்கியிருக்கும் படுக்கையை இறக்கி, ஏணியை மாட்டிவிட்டுப் போவார். ரயிலில் மேல் பர்த் மாதிரி. அதை இறக்கிவிட்டால் கீழே படுத்திருப்பவர் எழும்போது தலை இடிக்கும். குளியலறையில் ஒருவர் நின்று திரும்பலாம், அவ்வளவுதான். காலையில் நாலு பேரும் குளித்துக் கிளம்ப ஒரு மணி நேரமாவது ஆகும். பெரிய பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்காது, துணியை அலமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட வேண்டும். உள் கேபினில் ஜன்னல் இல்லாததால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததே தெரியாது.

மூன்று இரவுக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். அறையில் இருக்கப்போவது தூங்க மட்டும்தான். ஐந்து இரவுக்கு மேல் போனாலோ, மாமனார் மாமியார் கூட வந்தாலோ அவர்களுக்குப் பால்கனி எடுத்துக்கொடுங்கள். கூட்டத்துக்குள் போக முடியாத நேரத்தில் அவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஓர் இடம் வேண்டும். ஆட்டம் குறைவாக இருக்க வேண்டுமென்றால் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ் அடுக்கு. மேல் அடுக்குக்குக் கூடுதல் பணம் வாங்குவார்கள், ஆட்டமும் கூடுதல். "கேபின் எண் பிறகு தருகிறோம்" என்ற மலிவு டிக்கெட்டில் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை. இரண்டு கேபின் போடும் குடும்பம் அதை எடுக்கக் கூடாது, ஆளுக்கொரு மூலையில் விழும்.

வாசலிலிருந்து வாசல் வரை கணக்கு

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். திருப்பூரிலிருந்து கிளம்பி, சிங்கப்பூரில் மூன்று இரவுக் கப்பல், முன்னும் பின்னும் ஓர் இரவு ஓட்டல். கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்டவை. நீங்கள் கேட்டு வாங்கிய விலையை அந்தந்த வரியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் டிக்கெட், முதல் இருவர், ஆளுக்கு 35,000: 70,000
பிள்ளைகள் இருவர், ஆளுக்கு 20,000: 40,000
துறைமுகக் கட்டணமும் வரியும், ஆளுக்கு 6,000: 24,000
கப்பல் ஊழியர் டிப்ஸ், ஆளுக்கு இரவுக்கு 1,500: 18,000
விமானம், ஆளுக்குப் போகவர 25,000: 1,00,000
விசா, முகவர் கட்டணத்தோடு ஆளுக்கு 3,000: 12,000
ஓட்டல் இரண்டு இரவு: 30,000
பயணக் காப்பீடு: 6,000
ஒரு துறையில் இறங்கிச் சுற்ற: 12,000
சிங்கப்பூரில் சாப்பாடு, மெட்ரோ, டாக்சி: 15,000
கப்பலில் வைஃபை, குளிர்பானம், போட்டோ: 15,000
திருப்பூர் – பீளமேடு டாக்சி, போகவர: 4,000

மொத்தம் 3,46,000. கைக்காவலாகப் பத்து சதவீதம் சேர்த்து 3,80,000 என்று வையுங்கள். விளம்பரத்தைப் பார்த்து நினைத்தது 1,40,000.

இதில் இரண்டு செலவையும், பட்டியலில் சேர்க்காத ஒரு வரிப் பிடித்தத்தையும் விளக்க வேண்டும். துறைமுகக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா தனியா என்று முகவரிடம் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு முகவர் சொல்லும் விலைக்குப் பத்தாயிரம் வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் ரகசியம் இந்த வரியில்தான் இருக்கும்.

டிப்ஸ் என்றால் நமக்கு இஷ்டப்பட்டுக் கொடுப்பது. கப்பலில் அது தினசரி தானாகக் கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. அமெரிக்கக் கம்பெனிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் அளவில் ஓடுகிறது. ஏழு இரவுக் கரீபியன் பயணத்தில் நாலு பேருக்கு இதுவே சுமார் 450 டாலரில் தொடங்கும். ஊழியர்களின் வருமானம் இதை நம்பியிருப்பதால் குறைக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயணம் மொத்தத்தையும் முகவரிடம் தொகுப்பாக வாங்கினால் 5% ஜிஎஸ்டியோடு டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தமும் சேரும். 2025–26 நிதியாண்டில் வெளிநாட்டுத் தொகுப்புக்கு டிசிஎஸ் 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. விகிதத்தைப் பட்ஜெட்டில் மாற்றுவார்கள் என்பதால் பணம் கட்டும் மாதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டிசிஎஸ் செலவு அல்ல, உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவு. ஆனால் திரும்பி வர மாதங்கள் ஆகும், அதுவரை கையில் இருக்காது. குடும்பத்தில் வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் யாரோ அவருடைய பான் எண்ணிலேயே புக் செய்யுங்கள்.

பணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு என் யோசனை ஒன்றுதான்: கடன் வாங்காதீர்கள், கிரெடிட் கார்டு தவணையும் வேண்டாம். பதிவு பெற்ற கம்பெனியில் ஒரு வருட ஏலச்சீட்டோ வங்கியில் தொடர் வைப்போ போட்டு அடுத்த சித்திரைக்குக் கிளம்புங்கள். கடல் அங்கேயேதான் இருக்கும்.

பாஸ்போர்ட், விசா, பெயர்

பாஸ்போர்ட்டுக்குத் திரும்பி வரும் தேதியிலிருந்து ஆறு மாதம் ஆயுள் வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் முதலெழுத்தாக நிற்கும். சிலர் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாகவே இருக்கும். ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அனுமதிப்பதில்லை. துபாய்க் கப்பலுக்குப் போகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் கப்பல் டிக்கெட், விமான டிக்கெட், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முகவர் கடையில் "கே. செந்தில்" என்று சொல்லி எழுதவிடாதீர்கள், பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள்.

சிங்கப்பூர் விசா அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகத்தான், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். ஒருமுறை நுழையும் விசாவோடு கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். வருகை அட்டையை இணையத்தில், இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகு. கப்பல் முடிந்து மறுபடி சிங்கப்பூருக்குள் நுழையும்போதும் இந்த அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டிவரும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது, தாய்லாந்தும் அப்படிச் சலுகை கொடுத்தது. இவை காலவரம்புள்ள சலுகைகள். இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் பாதையில் உள்ள எல்லா நாட்டு விதியும் நமக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, டிக்கெட் போடும் வாரத்தில் சரிபாருங்கள்.

முன்பதிவு

நாலு முதல் ஆறு மாதம் முன்னதாகப் போடுங்கள். வரிசை முக்கியம்: முதலில் கப்பல் தேதி, அதே நாளில் விமான விலையைப் பார்த்து உறுதி, பிறகு இரண்டும் ஒன்றாக. விமானம் கப்பலுக்கு முதல் நாளே போய்ச் சேர வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ரத்துக் கட்டண அட்டவணையை வாங்கிப் படியுங்கள். கிளம்பும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறி, கடைசி வாரங்களில் முழுத்தொகையும் போகும். புயலுக்காகக் கேப்டன் ஒரு துறையைத் தவிர்த்தால் பெரும்பாலும் அந்தத் துறைக் கட்டணம் மட்டும்தான் திரும்பும், டிக்கெட் பணம் அல்ல. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும்.

காப்பீட்டில் கப்பல் மருத்துவமும் அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்வதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் டாக்டர் கட்டணம் தனியார் ஆஸ்பத்திரியைவிட அதிகம், கையோடு கார்டில் பிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோயை மறைக்காமல் எழுதுங்கள்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

கப்பலில் தீதான் பெரிய பயம். அதனால் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, எக்ஸ்டென்ஷன் போர்டு எதுவும் உள்ளே போகாது. ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பல் போகிறோம் என்றதும் தெரிந்த வீட்டு அப்பத்தா ஒருவர் கேட்ட கேள்வி: "ஏங் கண்ணு, அங்க அரிசிம்பருப்புச் சோறு கெடைக்குமா?" கிடைக்காது. தயிர்சாதமும் பருப்பும் சப்பாத்தியும் இந்தியர்கள் ஏறும் கப்பலில் கிடைக்கும். பருப்புப்பொடி, ஊறுகாய், தேங்காய் சேர்க்காத தின்பண்டம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் பெரியவர்களுக்கு வாய்க்கு ஆறுதல். அதையும் கடைப் பாக்கெட்டாக, பிரிக்காமல் வைத்திருங்கள். சமைத்த சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோக முடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும் மறக்கக் கூடாது. நம் வீட்டு மசாலாப் பொடியில் கசகசா இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வாயில் போடும் புகையிலை, புகையிலை கலந்த பான் மசாலா, மின் சிகரெட், சூயிங்கம் எல்லாம் சிங்கப்பூரில் தடை. "மூட்டையில் கொஞ்சம் கிடந்தது, தெரியாது" என்பது அங்கே பதிலாகாது. புறப்படும் முன் தாத்தா சட்டைப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியை ஏறும்போது வாங்கிக்கொண்டு போனால் கேபினுக்கு வர மாலை ஆகலாம்.

கப்பலுக்குள் காசு கரையும் இடங்கள்

ஏறியதும் ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பணம். பஃபேயும் முக்கியச் சாப்பாட்டுக்கூடமும் டிக்கெட்டில் சேர்ந்தவை. தனி உணவகங்கள், காபிக் கடை, குளிர்பானம், மசாஜ் எல்லாம் அட்டையில் ஏறும், சில கம்பெனிகளில் மேலே 18% சேவைக் கட்டணமும். பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. விளையாட்டு இயந்திர அறையில் ஒரு பையன் அட்டையைத் தேய்ப்பான், விளக்கு எரியும், ஆட்டம் தொடங்கும். காசு போனதற்கு அடையாளமே தெரியாது. முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பிள்ளைகள் அட்டையில் செலவை நிறுத்தச் சொல்லுங்கள். சாவியாக மட்டும் வேலை செய்யும். இரண்டு நிமிட வேலை.

செல்போனை ஏறும் முன்பே விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த சிக்னலை போன் தானாகப் பிடித்து, வாட்ஸ்அப் படம் இறங்கினாலே ரோமிங் கட்டணம் ஏறும். வைஃபை வேண்டுமென்றால் ஒரே ஒரு போனுக்கு எடுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்ல அது போதும். போட்டோக்காரர்கள் எடுப்பதற்கு விலையில்லை, வாங்கினால்தான் விலை. கேசினோ பக்கம் போகாமலிருப்பதே கணக்கு.

ஏறிய அன்றே நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி சர்வதேசச் சட்டப்படி கட்டாயம். உங்கள் கூடுமிடம் எங்கே என்று பிள்ளைகளையே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள்.

துறையில் இறங்கிச் சுற்றக் கப்பல் ஏற்பாட்டுப் பயணம் விலை அதிகம், ஆனால் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே டாக்சி பிடித்தால் பாதி விலை, பொறுப்பும் நம்முடையது. பினாங்கு போன்ற ஊரில் துறையும் ஊரும் பக்கத்திலேயே, தாராளமாக நாமே போகலாம். புக்கெட்டில் தூரம் உண்டு, கப்பல் நேரமும் உள்ளூர் நேரமும் மாறுபடக்கூடும். அங்கே கப்பல் ஏற்பாடே மேல்.

கடைசி நாள்

முந்தின இரவு பெரிய பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, மறுநாள் துணி மூன்றையும் எடுத்துவிட்டு வையுங்கள். அதே இரவு அறைத் தொலைக்காட்சியிலோ வரவேற்பு மேசையிலோ பில்லை வரி வரியாகப் பார்த்துவிடுங்கள். காலையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது திருத்தம் கேட்பது கஷ்டம். கார்டில் ரூபாயாகப் பிடிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம், அந்நாட்டுப் பணத்திலேயே என்று சொல்லுங்கள், மாற்று விகிதத்தில் நஷ்டம் குறையும். அப்படியும் இந்திய வங்கி 2 முதல் 3.5% வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். அந்தக் கட்டணம் இல்லாத கார்டு இருந்தால் அதையே கப்பல் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

அன்றே ஊர் திரும்புவதாக இருந்தால் விமானம் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு இருக்கட்டும். ஊர் வந்து சேர்ந்ததும் முகவரிடமிருந்து டிசிஎஸ் சான்றிதழை வாங்குங்கள். படிவம் 26ஏஎஸ்ஸில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஆடிட்டரிடம் கொடுத்து, அந்த வருடத்து வரிக் கணக்கிலேயே திரும்பக் கேளுங்கள்.